கடலைமிட்டாய்க்கு ஹோஸ்டிங் பார்த்த கதை

வெப்சைட் போட்டுக் கொடுக்கிறவன் பாடும் கல்யாண வீட்டுப் பந்தல்காரன் பாடும் ஒன்றுதான்: நிற்கிறவரைக்கும் ஒருத்தரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, சாய்ந்தால் மட்டும் மொத்தக் கல்யாணமும் அவனைத் தேடும். மலிவு ஹோஸ்டிங் பிடித்துவிட்டு கஸ்டமரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சகபாடிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: வெப்சைட் ஒரு கடை என்றால், அந்தக் கடையை வைக்க எங்கோ ஓர் ஊரில் ராப்பகலாக ஓடுகிற கம்ப்யூட்டரில் நாம் வாடகைக்குப் பிடிக்கிற இடம்தான் ஹோஸ்டிங்.

நான் கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் நைட் ஷிப்ட் ஃபிட்டர். ஊர் எழுந்திருக்கும்போது போர்வைக்குள் போகிற ஜாதி. கல்யாண வீடுகளுக்கு நான் போய்ச் சேரும்போது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருப்பார்கள். எல்லாமே எனக்குக் கொஞ்சம் முன்னால் நடந்து முடிந்துவிட்டது என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. பகலில் படுத்தாலும் தூக்கம் பிடிக்காது, சும்மா கிடக்கவும் தெரியாது. அப்படிப் புரண்டுகொண்டிருந்த மத்தியானங்களில், செகண்ட் ஹாண்ட் லேப்டாப் ஒன்றை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிக் கற்றதுதான் இந்த வேலை. ஆனால் ஒன்று, நாம் செய்த பக்கம் முதல்முதலாக இன்னொருத்தர் போனில் திறக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும் பாருங்கள், அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் யாருக்கும் பிந்தினவன் இல்லை.

வத்தல் கடையில் ரம்மி

முதல் கஸ்டமர் விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவர். அவருக்காக, நெட்டில் இருந்ததிலேயே மலிவான ஹோஸ்டிங்கைத் தேடிப் பிடித்தேன். ஒரு வருஷ வாடகை இரண்டு சினிமா டிக்கெட்டுக்குள் அடங்கிவிட்டது! ஷிப்ட் முழுக்க விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தேன். சைட்டின் பெயரையும் அந்தக் கம்பெனியிடமே பதிவு செய்தேன். கடை, சாவி, பெயர்ப்பலகை மூன்றையும் ஒரே ஆள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வத்தல் சீசன் வருவதற்குள் கம்பெனியே காணாமல் போய்விட்டது. மெயில் போட்டால் திரும்பி வருகிறது, போன் அடித்தால் மணியே போகவில்லை. புதுப்பிக்காமல் விட்ட பெயர் எவன் கைக்கோ போய், முண்டு வத்தலும் சம்பா வத்தலும் குவிந்து கிடந்த பக்கத்தில் சீட்டுக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவன் சிரிக்கிறான். ஈரோட்டுப் பார்ட்டி ஒருவர் ரகம் பார்க்கத் திறந்துவிட்டு, கடைக்காரருக்கே போன் போட்டு, புதுத் தொழிலுக்கு வாழ்த்துச் சொன்னாராம். கடைக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த என்னைக் கட்டிலோடு உலுக்கிச் சொன்னார்: "வத்தல் விக்கச் சொன்னா நீரு ரம்மி விக்கீரு! நான் சீட்டுக் கிளப்பு நடத்துதேன்னு வீட்டுல ரெண்டு நாளா சோறு வைக்கலய்யா!"

வாடகைக்கு விடுகிறவர்

அதற்கப்புறம் லேப்டாப்பைத் தொடவே கை கூசியது. மறுபடி தொட வைத்தது முத்துச்செல்வி. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய குடோனை வாடகைக்குப் பிடித்துக் கடலைமிட்டாய் போடுகிறாள். கூட இருக்கிற பெண்கள் எல்லாரும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ்களில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள். அதுவரைக்கும் ஒரு பெரிய கடைக்கு மொத்தமாகப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாகு பதம் பார்ப்பது இவள், பாக்கெட்டில் பெயர் அவர்களுடையது. ஒரு நாள் காலையில் நான் ஷிப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்துகிறேன், வாசலில் நிற்கிறாள். "மாரியண்ணே, நம்ம பேரு போட்டு விக்கப் போறேன். பெரிய கடையில இனிமே சரக்கு இல்லன்னு சொல்லிட்டேன். அவியளும், பெறகு வந்து நிக்கக் கூடாதுன்னுட்டாவ. தீவாளிக்குள்ள ஆர்டர் வந்தா அடுப்பு எரியும். இல்லன்னா இந்தப் பொம்பளையள எங்க அனுப்ப?"

சொல்லிவிட்டு ஒரு துண்டு மிட்டாயை நீட்டினாள். கடித்தேன். நைட் ஷிப்ட் முடிந்த வாய்க்கு எதுவும் ருசிக்காது, இது ருசித்தது. கரிசல் கடலை, பதம் தப்பாத வெல்லம், பல்லில் ஒட்டாமல் உடைகிற அந்த மொறுமொறுப்பு. எனக்குத் தூக்கம் போயே போய்விட்டது. இதை உலகத்துக்கே விற்கலாம் என்று நடுத்தெருவில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். சைட், பெயர், ஹோஸ்டிங் எல்லாம் ஒரே மூச்சில் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "வாடகை எடம்னு சொல்லுதீய, சரி. வாடகைக்கு விடுதவிய எப்பிடி, நல்லவியளா? அதைப் பாத்தீயளா?"

ஒரே ஷெட்

மலிவு ஹோஸ்டிங் பெரும்பாலும் ஒண்டுக்குடித்தனம். ஒரே கம்ப்யூட்டரில் பல பேருடைய சைட்டுகள் இருக்கும். எவனோ ஒருவன் சைட்டில் கூட்டம் ஏறினால் நம் சைட்டும் சேர்ந்து மூச்சு வாங்கும். இதைச் செல்விக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, குடோனுக்குச் சொந்தக்காரரான தங்கவேல் அண்ணாச்சி உள்ளே வந்தார். ஊருக்கு வெளியே தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். எதைப் பார்த்தாலும் இது எந்தப் பக்கமிருந்து தீப்பிடிக்கும் என்றுதான் முதலில் பார்ப்பார்.

"ஒரு ஷெட்டுல எத்தனை பேரு?" என்றார்.

"அதைச் சொல்ல மாட்டேங்கான் அண்ணாச்சி. நூறும் இருக்கலாம், ஆயிரமும் இருக்கலாம்."

"நடுவுல செவரு உண்டா?"

"உண்டுங்கான். கண்ணுக்குத் தெரியாத செவரு."

அண்ணாச்சி உட்காரவே இல்லை. மருந்து கலக்குகிற ஷெட் தனி, குச்சி அடுக்குகிற ஷெட் தனி, பண்டல் போடுகிற ஷெட் தனி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி, இல்லாவிட்டால் லைசென்ஸ் கிடையாது என்று கையால் காற்றிலேயே ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கட்டிக் காட்டினார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். மூன்று வருஷமாக இங்கிலீஷ் வீடியோக்களில் நான் முட்டி மோதிய விஷயத்தை இந்த மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷத்தில் கேட்டுவிட்டாரே! எந்தக் கம்பெனியிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று அவரிடமே சொன்னேன். அண்ணாச்சி பாராட்டை வாங்கிக்கொள்ளவில்லை. வெல்லப்பாகுச் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏலே மாரி, எவனோ ஒரு பய பீடி பத்த வச்சா, இவ மிட்டாய் ஏம்லே கருகணும்?"

தலை தீபாவளி

அன்றிலிருந்து எனக்குப் பகல் தூக்கம் சுத்தமாகப் போயிற்று. கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக மேய்ந்தேன். எல்லாமே மலிவு, எல்லாமே வேகம், எல்லாமே நம்பர் ஒன். ஒன்றில் வாடகை ஒரு டீக் காசு. பழைய விலையைக் கோடு போட்டு அடித்து, புது விலையைச் சிவப்பில் மினுங்க விட்டு, இந்தச் சலுகை இன்னும் சற்று நேரத்தில் முடியும் என்று பக்கத்தில் ஒரு கடிகாரம் வேறு ஓடுகிறது. "கெடைச்சிட்டு! கெடைச்சிட்டு!" என்று கத்திவிட்டேன்.

சாப்பாட்டுத் தட்டோடு வந்த என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவள் பார்த்தது சிவப்பு எழுத்தை இல்லை. பக்கத்தின் கால்மாட்டில் கடுகு சைசில் இருந்ததைப் போனை வைத்துப் பெரிதாக்கிப் படித்தாள். அடுத்த வருஷத்திலிருந்து வாடகை பல மடங்கு என்று போட்டிருந்தது. கடிகாரமும், பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. அவள் தட்டை என் முன்னால் நகர்த்தினாள். "மொத வருசம் தலை தீவாளி. மோதிரம், வேட்டி, கறிச்சோறு எல்லாம் போடுவான். ரெண்டாம் வருசம் எங்கப்பா உங்கள வாசலுக்கு வந்து கூப்பிட்டாவளா என்ன? சாப்பிடுங்க."

அளவில்லாச் சாப்பாடு

இடம் அன்லிமிடெட், ஆள் வரத்து அன்லிமிடெட் என்று இன்னொரு கம்பெனி. சந்தோஷமாகச் செல்வியிடம் ஓடினேன். ஓடும்போதே விதிமுறைகளைப் படித்துக்கொண்டே ஓடியதில், குடோன் வாசலுக்குப் போவதற்குள் சந்தோஷம் பாதியாகிவிட்டது. இடம் அளவில்லை, ஆனால் ஃபைல்களின் எண்ணிக்கைக்கு அளவு உண்டாம். ஆள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம், ஆனால் ஒரே சமயத்தில் வந்தால் "மற்ற வாடிக்கையாளர்களின் நலன் கருதி" கதவைச் சாத்துவார்களாம். செல்வி தட்டில் ஊற்றிய மிட்டாயைக் கட்டையால் உருட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸுலயும் அன்லிமிடெட்னுதான் எழுதியிருக்கு. மூணாவது தடவ சாம்பார் கேட்டுப் பாருங்க அண்ணே, அவன் மொகத்த."

கழுகுமலைக்காரி

செல்வி கடலை வாங்குகிற விதம் பார்த்திருக்கிறீர்களா? சாக்கின் மேலே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். முழங்கை வரைக்கும் கையை விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளுவாள். ஹோஸ்டிங்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை உதித்தது. விளம்பரம் என்பது சாக்கின் மேல்வாய். நடுச்சாக்கு என்பது கஸ்டமர் கேர். கடைசியாக இரண்டு கம்பெனிகள் தேறியிருந்தன. அதில் விலை குறைந்ததன் சாட் பெட்டியைத் திறந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அண்ணாச்சியின் கேள்வியைக் கேட்டேன். ஒரு கம்ப்யூட்டரில் எத்தனை சைட்? ஒரு பெண் பெயரில் பதில் வந்தது: எங்கள் சர்வர்கள் உலகத் தரமானவை, சார். தீபாவளிக் கூட்டம் தாங்குமா? எங்கள் சர்வர்கள் உலகத் தரமானவை, சார். எரிச்சலில், "வாய்ல கொழுக்கட்டையா வச்சிருக்கீய, நேராச் சொல்லுங்கம்மா, கோவில்பட்டிக்காரன் கேக்கேன்" என்று அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்துவிட்டேன்.

பெட்டியில் மூன்று புள்ளிகள் ஆடின. நின்றன. மறுபடி ஆடின. "கோவில்பட்டியா? நான் கழுகுமலை, அண்ணாச்சி" என்று தமிழ்! கட்டிலிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். சகபாடிகளே, அந்த நிமிஷத்தில் நான் என்ன முடிவெடுத்தேன் தெரியுமா? எடுத்த முடிவு இவர்கள்தான். சர்வர் வேண்டாம், செவர் வேண்டாம், நம்ம ஊர்ப் பொண்ணு உள்ளே இருக்கிறாள், அது போதும். நம் ஊரில் ஆஸ்பத்திரியையே அப்படித்தானே தேர்ந்தெடுக்கிறோம்! கார்டை எடுத்துக்கொண்டு வந்து, பணம் கட்டப் போறேன் தாயி என்று அடித்தேன். இங்கிலீஷில் ஒரு நன்றி வந்தது, உலகத் தரம் வந்தது. அதற்குக் கீழே, மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் அவள் அடித்த வரி இது: "பங்குனி உத்திரத்தன்னைக்கு எங்கூரு பஸ்ல ஏறியிருக்கீங்களா அண்ணாச்சி? படிக்கட்டுல தொங்குவாங்களே, தீவாளிக்கு எங்க சர்வர் அப்படித்தான் இருக்கும், நீங்க வேற பாருங்க."

தோல் தெரியணும்

ஆக, மிஞ்சியது இரண்டாவது கம்பெனி. விலை கொஞ்சம் கூட. ஆனால் அடுத்த வருஷ வாடகையையும் முதல் வருஷ வாடகைக்குப் பக்கத்திலேயே அதே எழுத்தில் போட்டிருந்தான். எது எதற்கு எவ்வளவு அளவு என்று ஒளிக்காமல் எழுதியிருந்தான். போன் அடித்தால் மனுஷக் குரல் எடுத்தது. தினமும் ஒரு நகல் எடுத்துத் தனியே வைக்கிறானாம். பெயர்ப்பலகையை வேறு இடத்தில், செல்வி பெயரிலேயே பதிந்துகொண்டேன். சூடு கண்டவன் அல்லவா. ஒரு மாசத்துக்கு மட்டும் வாடகை கட்டி, வெற்றுப் பக்கம் ஒன்றை ஏற்றி, டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். மில் கேட்டில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், சிக்னல் ஒற்றைக் கோடாக மெலிகிற பருத்திக்காட்டு ஓரத்தில் என்று அலைந்து அலைந்து திறந்தேன். எல்லா இடத்திலும் பட்டென்று திறந்தது. திறக்கத் திறக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து சீட்டுக்காரருக்கெல்லாம் வெற்றுப் பக்கத்தைக் காட்டினேன்.

அப்புறம்தான் படம். செல்வியே மிட்டாயை வெயிலில் வைத்து எடுத்த போட்டோக்கள், ஒவ்வொன்றும் கல்யாண ஆல்பம் கனம். சுருக்கிப் போடுகிறேன் என்றேன். சுருக்கியதைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். நான் எவ்வளவோ சொன்னேன், பக்கம் கனத்துவிடும், கூட்டம் வந்தால் இழுக்காது என்று. கேட்கிறவளா? "இது என்ன அண்ணே, ஆதார் கார்டு போட்டோ மாதிரி? கடலை மேல ஒட்டியிருக்க செவப்புத் தோலு தெரியணும். தெரியலன்னா எவன் வாங்குவான்?"

நல்ல நேரம்

சைட்டைத் திறக்க வெள்ளிக்கிழமை ஒன்பதேகால் என்று முடிவாயிற்று. காலண்டரில் ஒன்பதேகால் முதல் பத்தேகால் நல்ல நேரம், பத்தரைக்கு ராகுகாலம். முதல் வியாபாரத்தை, அதாவது போணியை, தங்கவேல் அண்ணாச்சி செய்ய வேண்டும். அவர் கைராசி ஊரறிந்தது. அவர் போணி பண்ணிய கடை எதுவும் மூடினதில்லை என்பார்கள். எனக்குத் தெரியாத ஒன்று, செல்வி தன் சொந்தக்காரர் குரூப்புகளில் எல்லாம் குரல் பதிவு ஒன்று போட்டிருக்கிறாள்: ஒன்பதேகாலுக்குத் திறக்கோம், எல்லாரும் தயாரா இருங்க, ஆனா அண்ணாச்சி போணி முடியாம ஒருத்தரும் வாங்கிராதீய. திருப்பூர், சென்னை, மும்பை, துபாய் என்று எங்கெல்லாம் கோவில்பட்டிக்காரன் பிழைக்கப் போனானோ அங்கெல்லாம் அந்தக் குரல் போயிருக்கிறது.

ஒன்பதேகால். குடோனில் சூடம் காட்டி, அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். ஒற்றை விரலால் தன் பெயரை அடிக்க ஆரம்பித்தார். "த" அடித்ததும் போன் அடித்தது. "போணி ஆச்சா அண்ணாச்சி?" திருப்பூர். வைத்துவிட்டு "ங்" அடித்தார். சென்னை. ஆச்சா, ஆச்சா என்று கேட்டுக் கேட்டே அவரை ஆக விடவில்லை. இந்தப் பக்கம், காத்திருக்கிற அத்தனை பேரும் சும்மாவா இருப்பார்கள்? போணி முடிந்துவிட்டதா என்று பார்க்க பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்கிறார்கள். ஒவ்வொரு திறப்புக்கும் சிவப்புத் தோல் தெரிகிற அத்தனை போட்டோவும் இறங்க வேண்டும். பத்து மணிக்கு, அண்ணாச்சி பின்கோடை அடித்து முடிக்கிற சமயத்தில், பக்கம் வெள்ளையாகிவிட்டது. அனுமதித்த அளவு முடிந்தது என்று இங்கிலீஷில் ஒரு வரி மட்டும்.

அடுப்பில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. குச்சி அடுக்கிய அந்தப் பெண்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். செல்வி பார்க்கவில்லை, அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். எனக்கோ கையெல்லாம் பரபரக்கிறது, ஆச்சரியம் என்னவென்றால் பயமே இல்லை. ஓடுகிற மெஷின் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முதலில் பாரத்தை இறக்கு! போனில் அந்த மனுஷக் குரலைப் பிடித்தேன். பக்கத்தை மாற்ற எனக்கு உள்ளே போகிற வழியைத் திறக்கவும், கனத்தைக் குறைத்ததும் பக்கத்தை மறுபடி ஓட விடவும் சொன்னேன். போட்டோ முழுவதையும் தூக்கினேன். அலங்காரம், ஓடுகிற எழுத்து, எல்லாம் போயிற்று. மிட்டாயின் பெயர், எடை, விலை, ஒரு பட்டன். மொட்டையடித்த தலை மாதிரி ஒரு பக்கம். ஏற்றினேன். அண்ணாச்சியிடம், "அடிங்க அண்ணாச்சி!" என்றேன். மறுபடி முதலிலிருந்து "த" என்று ஆரம்பித்தவர் கையிலிருந்த போனில் மும்பை கூப்பிட்டது. ஐம்பது வருஷமாக ஒருத்தரையும் அதட்டிப் பேசாத தங்கவேல் அண்ணாச்சி போனைக் காதில் வைத்து அலறினார்: "ஏலே, போனை வையிலே! போணி பண்ண விடுங்கலே!"

குலவை

பத்தேகாலுக்கு ஒரு மூச்சு இருக்கும்போது அண்ணாச்சி பட்டனை அமுக்கினார். ஆர்டர் பதிவானது என்று வந்தது. செல்வி திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாகுச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண்கள் குலவை போட்டார்கள் பாருங்கள், மில்லில் அத்தனை மெஷினும் ஒன்றாக ஓடும்போதுகூட அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அதற்கப்புறம் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. மொட்டைப் பக்கம் பழைய போனில், சிக்னல் இல்லாத காட்டில், எங்கும் திறந்தது. சொந்தக்காரர்கள் வாங்கி முடித்தார்கள். சாயங்காலத்துக்குள், எங்களுக்கு யாரென்றே தெரியாத பெயர்கள் வர ஆரம்பித்தன. முதல் தெரியாத பெயரைச் செல்வி மூன்று தடவை சத்தமாகப் படித்தாள். எங்க ஆளு இல்லையே, இவிய எங்க ஆளு இல்லையே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மறுநாளைக்கு இன்னும் ஒரு அடுப்பு மூட்ட வேண்டும், இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும் என்று பெண்களுக்குள் பேச்சு ஓடியது. நான் அன்றைக்குத் தூங்காமலே ஷிப்டுக்குப் போனேன். தூக்கமே வரவில்லை, எதற்கும் நான் பிந்தவில்லை என்று கால் முதல் தலை வரைக்கும் ஒரு துள்ளல்.

மறுநாள் ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து மெயில். கொஞ்சம் கடுப்பான மெயில்தான். உங்கள் சைட்டுக்கு வரும் கூட்டம் இந்த பிளானுக்கு அதிகம், மற்றவர்களுக்கு இடைஞ்சல், பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்று எழுதியிருந்தான். என் முகம் வாடியதைப் பார்த்து என்ன எழுதியிருக்கிறான் என்று செல்வி கேட்டாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நம்ம கடையில கூட்டம் தாங்கலன்னு கம்பெனிக்காரனே எழுதிக் குடுத்திருக்கானா! அண்ணே, அதைப் பெருசா பிரிண்டு போட்டுக் குடுங்க, பிரேம் மாட்டி வாசல்ல தொங்க விடுதேன், பெரிய கடைக்காரவிய வந்து படிச்சிட்டுப் போவட்டும்!"

இத்தனை அலசி நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: எந்த மலிவு ஹோஸ்டிங்கும் நல்ல ஹோஸ்டிங்தான், நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே நல்ல நேரத்தில் நம்மேல் பாசம் காட்டாதவரைக்கும்.